பூஜ்யத்தில் நின்ற முள்

"பாரு, திரும்பவும் பூஜ்யத்துக்கு வந்துடுச்சு," என்றான் குபாத், சாலையிலிருந்து கண்ணை எடுத்து.

"ஆறு மாசமா அப்படித்தானேடா இருக்கு. ஒரு தட்டு தட்டு," என்றான் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை எல்தியார்.

குபாத் மீட்டர் பலகையில் ஒரு குத்து விட்டான். ஆயில் பிரஷர் முள் துள்ளி நடுவில் நின்றது. அடுத்த வளைவில் மறுபடி விழுந்தது.

ஜீப்புக்கு முப்பது வயது. குபாத்தைவிட நாலு வயது மூத்தது, அவன் அப்பாவுடையது. பின் சீட்டுக்குத் தனிக் கதவு கிடையாது. அங்கே எல்தியாரின் அண்ணி பூருல், கல்யாணப் பெண் பெகாயிமின் கையைக் கோத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கீழே செக்போஸ்ட்டைத் தாண்டும்போது தன் சால்வையைப் பெண்ணுக்குத் தலை மறையப் போர்த்தி மடியில் சாய்த்துக்கொண்டாள். "அண்ணிக்கு இப்பவே என்ன பாசம் பாரு," என்று குபாத்கூடச் சொன்னான்.

பூருலின் பையில் புது வெள்ளை முக்காடு இருந்தது. கணவாயைத் தாண்டி, எல்தியார் வீட்டில் அதைப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டால் கல்யாணம் முடிந்த மாதிரிதான். பொழுது சாய்வதற்குள் போயாக வேண்டும். ஆடு அறுத்தாகிவிட்டது. போர்சோக் ரொட்டித் துண்டுகளைப் பொரித்துக் குவித்துவிட்டு ஊரே காத்திருந்தது.

"நிறுத்துங்க," என்றாள் பெகாயிம்.

"அட, காலையிலேருந்து அழுதுட்டே வந்த பொண்ணு வாயைத் திறந்துடுச்சு," பூருல் சிரித்தாள். "என்னம்மா, தண்ணி வேணுமா?"

"என்ஜினை நிறுத்தச் சொன்னேன். முள்ளு காட்டுறது நிஜம்னா, கொஞ்ச தூரத்துல பேரிங் கடிச்சு என்ஜின் ஜாம் ஆயிடும்."

"மாப்ளே, உன் பொண்டாட்டி எனக்கு வண்டி சொல்லித் தர்றா."

"அவ படிச்சதே வண்டிப் படிப்புடா. அவங்க வீட்டுலயே முதல் பட்டதாரி. காலேஜ்ல பாடம் நடத்துறா." எல்தியாருக்குப் பெருமை தாங்கவில்லை.

"நல்லதாப் போச்சு. இனிமே ரொட்டியும் சுடும், ஆயிலும் மாத்தும்."

இருவரும் சிரித்தார்கள். ஆனாலும் குபாத் வண்டியை ஓரங்கட்டினான்.

பூருல் கையை விடாமல் கூடவே இறங்கினாள். "காத்து ஆளைத் தள்ளிடும்மா, அதான்," என்றாள்.

பெகாயிம் ஒற்றைக் கையால் ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தாள். மேல் கோடுவரை ஆயில் இருந்தது. என்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்தாள். பிறகு ஆயில் சென்சாரின் வயரைப் பிடுங்கினாள்.

"இப்ப முள்ளு எங்கே?"

"கீழே," என்றான் உள்ளே இருந்த குபாத்.

வயரின் நுனியை என்ஜினில் தொட்டு வைத்தாள். "இப்ப?"

"உச்சிக்கு எகிறிடுச்சு."

"அப்ப மீட்டரும் வயரும் நல்லாருக்கு. ஒண்ணு, சென்சார் கெட்டிருக்கணும். இல்ல, நிஜமாவே ஆயில் பம்ப் போயிருக்கணும்."

"ரெண்டுல எது?"

"சென்சாரைக் கழற்றிட்டு, அந்த இடத்துல கைமீட்டர் மாட்டிப் பார்த்தாத்தான் தெரியும். செக்போஸ்ட் பக்கத்துல லாரி ஷெட் ஒண்ணு இருக்கு, அங்கே கிடைக்கும். இறக்கம்தானே, என்ஜினை அணைச்சுட்டு மெதுவா உருட்டிட்டே போயிடலாம்."

எல்தியாரின் சிரிப்பு நின்றது. "திரும்பிப் போறதா? அதெல்லாம் வேண்டாம். முள்ளு பொய் சொல்லுது. நீ நேரா விடுடா."

"சரி, போங்க." பெகாயிம் பாவாடையில் கையைத் துடைத்தாள். "கணவாய் உச்சியில என்ஜின் போச்சுன்னா குபாத்தோட அப்பாகிட்ட யார் சொல்றதுன்னு மட்டும் இப்பவே பேசி வச்சுக்குங்க."

குபாத் ஒரு நிமிடம்தான் யோசித்தான். "மாப்ளே, உனக்கு வேற பொண்ணு கிடைக்கும். எனக்கு வேற ஜீப்பு கிடைக்காது," என்று வண்டியைத் திருப்பினான்.

ஷெட்டில் நாலைந்து லாரி ஓட்டுநர்களும், செக்போஸ்ட் போலீஸ்காரர் ஒருவரும் இரும்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். "பொண்ணு வண்டியிலயே இருக்கட்டும்," என்றாள் பூருல்.

"அவளை இறக்குங்க அண்ணி," குபாத் எரிந்து விழுந்தான். "இந்த மெக்கானிக் என்ன பண்ணுவானோ. அவ கண்ணால பார்த்துச் சொன்னாத்தான் நான் நம்புவேன்."

இறக்கினார்கள். மெக்கானிக் சென்சாரைக் கழற்றி, கைமீட்டரைத் திருகி, என்ஜினை ஓட்டினான். முள் கிடுகிடுவென ஏறி நாலில் நின்றது.

"புது என்ஜின் மாதிரி இருக்கு. சென்சார்தான் செத்துப்போச்சு," என்றான்.

"எனக்கு மலை மேலேயே தெரியும். சத்தத்துலயே தெரிஞ்சுது," என்றாள் பெகாயிம்.

குபாத்துக்கு முகம் சிவந்தது. "தெரிஞ்சுக்கிட்டேவா இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்தே? எதுக்கு?"

பெகாயிம் பூருலின் கையை உதறிவிட்டு, நேராகப் போய் போலீஸ்காரர் முன்னால் நின்றாள்.

"எழுதிக்குங்க அண்ணா. காலையில காலேஜுக்குப் போக பஸ் ஸ்டாப்புல நின்னுட்டிருந்த என்னை, இந்த மூணு பேரும் தூக்கி ஜீப்புல போட்டுட்டு வந்தாங்க. மாப்பிள்ளை பேரே எனக்கு வழியில இவங்க பேசிக்கிட்டதைக் கேட்டுத்தான் தெரியும்."