கை இறங்கும்வரை

முதல் அறை இடது கன்னத்தில் விழுந்தது. ஏலக் கொட்டகையில் இருந்த அத்தனை தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின.

திரும்பத்தானே வேண்டும். அதற்காகத்தான் அந்த அறையே.

அடித்தவர் மூத்த சகலை, அக்காவைக் கட்டியவர். வாங்கியவன் இளையவன், தங்கையைக் கட்டியவன். கடையை மூடியவர்களும் வீட்டைக் காலி செய்தவர்களும் விட்டுப்போன சாமான்களை ஏலத்தில் எடுத்து, தேயிலைத் தண்ணீர் பூசிப் பழசாக்கி, பரம்பரைச் சொத்து என்று புதுப் பணக்காரர்கள் தலையில் கட்டுவது இருவருக்கும் கூட்டுத் தொழில்.

இன்று வந்திருந்தது ஒரு தேக்கு அலமாரி. ஆளுயரக் கண்ணாடி, பித்தளைக் கைப்பிடி. கொட்டகையில் இருந்த வியாபாரிகள் எல்லோருக்கும் அதன்மேல் ஒரு கண்.

ஆனால் வியாபாரிக்குச் சரக்கைவிடச் சண்டை பிடிக்கும். உறவுக்காரர்கள் சண்டை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அவர்கள் வாய் பிளந்து நிற்கிற நேரத்தில் ஏலக்காரர் ஒரு தரம், ரெண்டு தரம் என்று ரயில் ஓட்டிவிடுவார். அவருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்று பேச்சு. நமக்கெதற்கு வம்பு.

அந்த நேரம் ஏலத்தைக் கவனிப்பவள் ஒருத்திதான். கடைசி வரிசையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் இளையவன் மனைவி. அவள் கை மேலே இருந்தால் இன்னும் கேட்கிறாள் என்று அர்த்தம். ஏலம் படிந்ததும் கையை இறக்குவாள். அதைப் பார்த்து மூத்தவர் அடியை நிறுத்துவார்.

எப்போதும் இளையவனே ஏன் வாங்க வேண்டும்? மூத்தவருக்குக் கை கனம், இவனுக்கு அழ வசதியான முகம். ஏலத்துக்குப் போய் என்னப்பா வாங்கினாய் என்று தெருவில் கேட்டுச் சிரிப்பார்கள். இவனும் சிரித்துவைப்பான்.

இரண்டாவது அறை காதோடு சேர்த்து விழுந்தது. மாமனார் சாவுக்குக்கூட எட்டிப் பார்க்காத நாய் என்று மூத்தவர் கத்தினார். ஒவ்வொரு ஏலத்திலும் அதே குற்றச்சாட்டுதான். மாமனாரோ வீட்டில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

மூணு தரம் என்றார் ஏலக்காரர். சுத்தியல் விழுந்தது.

இளையவன் மூச்சை விட்டான். முடிந்தது.

மூத்தவரின் கைமுட்டி மூக்கில் இறங்கியது.

பொளக்கென்று ஒரு சத்தம். ரத்தம் உதட்டில் வழிந்து உப்புக் கரித்தது. அவனுக்குப் புரியவில்லை. கண்ணால் ஜாடை காட்டினான். மூத்தவர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துச் சுழற்றி, அலமாரியில் கீறல் விழாதபடி பார்த்து, பக்கத்தில் அடுக்கியிருந்த யாருடையதோ இரும்பு நாற்காலிகள்மேல் வீசினார். தொழில் சுத்தம்.

நாற்காலிகள் சரிந்தன. விலாவில் ஒன்று குத்தி நின்றது.

குனிந்து தூக்குகிற சாக்கில் மூத்தவர் அவன் காதில் கிசுகிசுத்தார், அவள் கை இன்னும் இறங்கவில்லை என்று. அவருக்கே மூச்சு வாங்கியது. என்ன செய்வது, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். கழுத்தைப் பிடித்து நிமிர்த்தி வாயில் குத்தினார். முன்பல் ஒன்று ஆடி, நாக்கின்மேல் வந்து உட்கார்ந்தது.

ஏலக்காரரும் அவள் கையைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது ஒரே கணக்கு: கை மேலே இருந்தால் கேட்கிறார்கள். போட்டிக்கு ஒரு குரலும் இல்லை. கால் ஒடிந்த மேஜை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி அதையும் அவளுக்கே முடித்தார். தட்டு இல்லாத தராசையும் முடித்தார். மூணு தரம், மூணு தரம் என்று சுத்தியல் விழுந்துகொண்டே இருந்தது.

ஒவ்வொரு சுத்தியலுக்கும் இளையவன் கண்ணை மூடிக் காத்தான். ஒவ்வொரு தடவையும் அடிதான் வந்தது. வயிற்றில் ஒரு உதை. விழுந்தவனின் முதுகில் இன்னொன்று. கூட்டத்தில் ஒருவர்கூட விலக்கிவிட வரவில்லை. நல்ல இடம் பிடித்து நின்றிருந்தவர்களை முன்னால் மறைக்காதே என்று பின்னால் நின்றவர்கள் அதட்டினார்கள்.

இப்படியே போனால் செத்துவிடுவோம் என்று அவனுக்குத் தோன்றியது. விளையாட்டாக இல்லை, நிஜமாகவே தோன்றியது.

புரண்டான். ரத்தமும் மண்ணும் அப்பிய கண்ணைத் திறந்து, இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஏலத்தின் நடுவே அவளைத் திரும்பிப் பார்த்தான்.

கையைத் தூக்கிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் தூக்கியிருந்ததில் ரவிக்கையின் நீளக் கை முழங்கைவரை வழுக்கி இறங்கியிருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வரிவரியாகக் கன்றிய தடங்கள், மஞ்சளாகிப் போன பழசு, நீலம் பாரித்த புதுசு. நான்கு விரல்கள் வரிசையாகப் பதிந்த இடம் இங்கிருந்தே தெரிந்தது.

கொட்டகையில் வாங்கியதையெல்லாம் அவன் எங்கே கொண்டுபோய் இறக்கினான் என்று தெருவில் யாருமே கேட்டதில்லை. எல்லாவற்றையும் கேட்கிற தெரு அது.

அவன் பார்வை போன பக்கம் மூத்தவரும் பார்த்தார். ஓங்கிய முட்டி அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, இதுவரை கழற்றாத கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கையை இறக்குடி," என்றான் இளையவன். உடைந்த வாயில் அது கெஞ்சல் மாதிரிதான் வந்தது.

அவள் அவனைப் பார்க்கவில்லை. ஏலக்காரரைப் பார்த்தாள்.

"அடுத்தது என்னண்ணே?"