பின்செவுத்து ஜன்னல்

இல்லடி அருணா, வரதன் நல்லா வேல தெரிஞ்ச மேஸ்திரிதான். நான் சொல்றேன், நம்பு.

"இன்னா ஆயா, நீதான தெரு முழுக்க அவனுக்கு வேல தெரியலன்னு சொன்ன? அத்த கேட்டுதான எங்க மாமனாரு எங்கூட்டு கிச்சனுக்கு வேற ஆள வரச் சொல்லிட்டாரு!"

சொன்னேன். இந்த வாயாலதான் சொன்னேன். நாஷ்டா ஆச்சா? ஆச்சின்னா ஒக்காந்து முழுசா கேட்டுட்டுப் போ.

எங்கூட்டு பழைய கிச்சன் உனுக்குத் தெரியுமில்ல? எங்க மாமனாரு காலத்துது. ரெண்டு பேரு உள்ள நின்னா மூணாவது ஆளு வாசப்படியில நின்னுதான் பேசணும். என் மகன் ஜெகன், கும்முடிபூண்டி கம்பெனிக்குப் போறான் இல்ல, அவன் கல்யாணமான நாளா "மாத்திக் கட்டித் தரேன்"னு பொண்டாட்டிக்கு சொல்லிக்கினே இருந்தான். பூமிகாவும் போன்ல பாத்துப் பாத்து நோட்டுல படமே போட்டு வச்சிருந்திச்சி.

திருவள்ளூர்ல என் நாத்தனா ஊட்லயும் இப்படித்தான் போன்ல பாத்து கட்டினாங்க. எல்லாம் பளபளன்னு இருக்குது, தோசக்கல்லு வைக்கத்தான் எடமில்ல. இப்ப மொட்ட மாடியில தோச சுடுறா. அது போவட்டும்.

பின்செவுத்துல ஒரு சின்ன ஜன்னல் இருந்திச்சில்ல? கம்பி கெடையாது. காலனியிலேர்ந்து நடவுக்கு வர்ற பொம்பளைங்க உள்ள வரக்கூடாதுன்னு, எங்க மாமியா அது வழியாத்தான் கூழு ஊத்துவாங்க. அவங்களுக்கப்புறம் நான் ஊத்தினேன். வரதனோட அம்மா சின்னப்பொண்ணும் அங்கதான் கையேந்திக்கினு நின்னுச்சி.

பூமிகாவுக்கு இந்தக் கதைலாம் தெரியாது. "அத்தே, இந்த ஜன்னல மட்டும் இடிக்க வேணாம். கண்ணாடிக் கதவு போட்டா நல்லா வெளிச்சம் வரும்"னுச்சி.

வரதனத்தான் வேலைக்கு வச்சோம். மொத நாளு பின்னாடி தோட்டத்துல சிமெண்டு கலந்துக்கினு இருந்தான். டீ போட்டேன். கதவு பத்தடி தூரம் கூட இல்ல. ஆனா கை தானா ஜன்னல் வழியா போச்சி.

என் கையவே ஒரு நிமிஷம் பாத்தான். "வைங்க ஆயா, எடுத்துக்கறேன்"னான். டீ ஆடை கட்டி அப்படியே கெடந்திச்சி. மறுநாளும் அதே மாதிரி நீட்டினேன். அன்னிக்கும் தொடல. திமிரு புடிச்சவன்னு நெனச்சேன்.

மூணாம் நாளு நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள ஜன்னலக் காணோம்! செங்கல்லு வச்சி பூசிட்டான்.

"யாரக் கேட்டுடா அடச்ச?"

"செவுரு வீக்கா இருக்குது ஆயா. கிரானைட்டு ஏத்தினா தாங்காது."

பூமிகா அழுதுச்சி. ஜெகன் திட்டினான். வரதன் பாட்டுக்கு கரண்டியக் கழுவிக்கினு இருந்தான். நான்தான் உங்கூட்டு வரைக்கும் வந்து அவனுக்கு வேல தெரியலன்னு பேசிட்டுப் போனேன்.

நேத்து அந்தச் செவுத்துல சிம்னி மாட்ட ஒரு ஆளு வந்தாரு. "வீக்கான செவுரு, பாத்து"ன்னு ஜெகன் சொன்னான். ஓட்ட போட்டுப் போட்டு கை வலிச்சி ஒக்காந்துட்டாரு. "இது செவுரா, பாறையா? இத்த யாருங்க வீக்குன்னது?"ன்னாரு.

ஜெகன் ஒடனே வரதனுக்குப் போன் அடிச்சி ஸ்பீக்கர்ல போட்டான்.

"ஏன்டா பொய் சொன்ன?"

அதுக்கு வரதன் சொன்னான்:

"அன்னிக்கி மத்தியானம் எனுக்கு சோறு எடுத்துக்கினு எங்கம்மா வர்றதா இருந்திச்சிண்ணா. ஜன்னல் இருந்தா ஆயா கை தானா நீளும். எங்கம்மா கையும் தானா ஏந்தும். ரெண்டு பேருக்கும் வயசாயிடுச்சி, இனிமே எதுக்குன்னு அடச்சிட்டேன்."

எனுக்கு மூஞ்சிய எங்க வச்சிக்கறதுன்னே தெரியலடி. உங்கூட்டு வேல அவன் கைய விட்டுப் போனப்போ கூட என்னப் பத்தி ஒரு ஆளுகிட்ட ஒரு வார்த்த சொல்லல. உங்க மாமனாரு தேசப்பன்கிட்ட நானே வந்து பேசறேன். ஏன்னு கேட்டா, இந்த ஜன்னல் கதையையும் சொல்லித்தான் ஆவணும்.

இன்னிக்கி சின்னப்பொண்ணையும் வரதனையும் சாப்புட வரச் சொல்லியிருக்கேன். அதோ வண்டி சத்தம் கேக்குது. ஐயையோ, சின்னப்பொண்ணு முன்வாசலத் தாண்டி தோட்டத்துப் பக்கமா போவுது பாரு!

சின்னப்பொண்ணு, அங்க இல்ல... இப்படி வா! ஏ பூமிகா, சேரு ஒண்ணு கிச்சனுக்குள்ள எடுத்துக்கினு வாம்மா!