பூட்டிய அறையில் தெள்ளுப்பூச்சி

பூனைக்கு மருந்து போட்டாயிற்று. அது படுக்கும் விரிப்பை வெந்நீரில் அலசியாயிற்று. ஆனாலும் தெள்ளுப்பூச்சி ஒழிந்தபாடில்லை. மருந்தடிக்க வந்தவர், தங்கை இறந்ததிலிருந்து ஒரு வருடமாக அக்கா பூட்டியே வைத்திருந்த அறையைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தார்.

“எல்லாம் இங்கதாம்மா பொரிச்சிருக்கு. ஆள் நடமாட்டம் இல்லன்னா மாசக்கணக்கா கூட்டுக்குள்ளயே தூங்கும். காலடி அதிர்ந்தா, உடம்புச் சூடு பட்டாத்தான் வெளிய வரும். இங்க யாரு புழங்குறா?”

“யாருமில்லையே. பூனைகூட உள்ள போக வழியில்ல.”

அவர் மருந்து கலக்கப் போனார். அக்கா எட்டிப் பார்த்தாள். ஜன்னலோரம் தரைவிரிப்பில் பூச்சிகள் கணுக்கால் உயரத்துக்குத் துள்ளின. அந்தத் துள்ளல் ஒவ்வோர் அடியாக அறைக்கு நடுவே வந்து நின்றது. அக்காவுக்குப் பயமே வரவில்லை.

“மருந்தடிக்கப் போறாங்கடி, வெளிய வந்துடு” என்று கதவை அகலத் திறந்து, வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.