பலகையில் விழுந்த குழி

புதிதாகச் சேர்ந்த கெமிஸ்டைக் கண்டாலே மூத்த கெமிஸ்டுக்கு ஆகாது. கம்பெனி விருந்தில் அவனைப் பார்த்துவிட்டு, "அந்தத் தம்பி முடியைப் பாருங்க, என்னமா மின்னுது! நீங்களும் இருக்கீங்களே" என்று மனைவி சொன்னதிலிருந்து அவருக்கு வயிறு எரிகிறது. அந்த முடியையும் ஆய்வுக்கூடத்தில் அவன் தொப்பிக்குள் பூட்டியே வைத்திருப்பான். பெரிய மகாராஜா, கிரீடத்தைக் கழற்ற மாட்டாராம்!

இப்போது பெயிண்டிலும் முந்திவிட்டான். தண்ணீர் பெயிண்டுக்காக இருவரும் அக்ரிலிக்கோடு சிலிக்கோன் சேர்த்து ஒரே முறையில்தான் பைண்டர் என்ற ஒட்டுப்பசையைக் காய்ச்சினார்கள். ஆளுக்கொரு பலகையில் பூசிப் பார்த்தால், அவன் பலகை கண்ணாடி மாதிரி இருந்தது. மூத்தவர் பலகையில் மட்டும் அம்மைத் தழும்பாகக் குழிகள்.

"நான் இல்லாதப்போ என் பெயிண்ட்ல என்னத்தடா கலந்த?" தலையைக் கோதிக்கொண்டே மேலாளர் முன்னால் பாய்ந்தார் மூத்தவர்.

இளையவன் குழி விழுந்த பலகையைக் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து மூத்தவரைப் பார்த்தான்.

"அண்ணே, பைண்டரோட சேர்ந்துட்ட சிலிக்கோன் ஒண்ணும் பண்ணாது. வெளியிலேர்ந்து சிலிக்கோன் எண்ணெய் ஒரு பொட்டு விழுந்தாத்தான் பெயிண்ட் விலகிக் குழி விழும்."

"அதைத்தான் கேக்குறேன். யார் போட்டது?"

"தலைக்குத் தடவுற சீரம்லயும் அந்த எண்ணெய்தாண்ணே இருக்கு. அதுக்குப் பயந்துதான் நான் இங்க தொப்பியைக் கழட்டுறதே இல்ல." அவன் குரலைத் தாழ்த்தினான். "வாசனை வருதே... நான் போடுற சீரத்தையே நீங்களும் எப்பலேர்ந்து போடுறீங்க?"

மீண்டும் தலையைக் கோதப் போன மூத்தவரின் கை பாதியிலேயே நின்றது.