மரியாதை தெரிந்த பிள்ளை

"கொஞ்சம் உடனே வாங்க" என்று மழலையர் பள்ளியிலிருந்து போன் வந்ததும், தைத்துக்கொண்டிருந்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தாள் தையல்காரி.

"என் பொண்ணு யாரையாவது அடிச்சிட்டாளா டீச்சர்?"

"ஐயோ, இல்லைங்க. அவளை மாதிரி மரியாதை தெரிஞ்ச பிள்ளை இந்த வகுப்புலயே கிடையாது. முதல்ல உட்காருங்க."

நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"இந்த மரியாதையெல்லாம் நீங்க சொல்லிக் கொடுக்கிறதா?"

"இல்லை டீச்சர். நாலு வயசுதானே, பெரியவங்களைப் பார்த்து அதுவாக் கத்துக்குது."

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு." டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கு ஒரு பையன் பெயிண்டைக் கொட்டிட்டான். நான் லேசாச் சத்தம் போட்டேன். உங்க பொண்ணு ஓடிவந்து என் காலைக் கட்டிக்கிட்டா. 'தப்பு என் மேலதாங்க, மன்னிச்சிடுங்க, அடிக்காதீங்க, பாப்பா முழிச்சுக்குவா'ன்னு ஒரே அழுகை."

தையல்காரியின் முகம் வெளுத்தது.

"அவ உங்களுக்கு ஒரே பிள்ளைன்னு பதிவுல இருக்கு. அந்தப் பாப்பா யாருங்க?"



"அவதான் டீச்சர்" என்றாள் தையல்காரி. "ராத்திரி அவ அப்பா கை ஓங்கறப்போ அவ தூங்கிட்டிருக்கான்னுதான் இத்தனை நாளா நினைச்சேன்."

டீச்சர் எழுந்துவந்து அவள் தோளில் கை வைத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அண்ணா, நானும் பாப்பாவும் உங்க வீட்டுக்கே வந்துடறோம். இப்பவே."