ராட்சசன் மேல் புகார்

"அந்த ராட்சசனை இன்னிக்கே பிடிச்சு உள்ளே போடணும். அதுவரைக்கும் நான் ஆத்துக்குப் போகப்போறதில்லை!"

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு குற்றாலலிங்கம் எழுந்தே நின்றுவிட்டார். கரமனை சாவித்ரி மாமி குரலை உயர்த்தினால், சர்க்கார் தலைமை அலுவலகமான ஹஜூர் கச்சேரியில் சூப்பிரண்டாக இருக்கும் அவள் கணவரே எழுந்து நின்றுவிடுவார் என்று ஊரில் பேச்சு.

"எந்த ராட்சசன், மாமி?"

"சினிமா ராட்சசன்தான், வேற யாரு? தலையில ரெண்டு கொம்பு, மூஞ்சி பூரா கரி. திருவல்லத்துக்கு அந்தண்டை ஆத்தங்கரையில நின்னுண்டு வரவாளையெல்லாம் துரத்தறான்."

விஷயம் இதுதான்.

மாமியின் அண்ணா பெண் சூடாமணி, புதிதாகக் கல்யாணம் ஆனவள், கணவன் நீலகண்டனோடு திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தாள். யுத்தம் முடிந்து பெட்ரோல் கொஞ்சம் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய சமயம். ஒரு சினிமாக் கம்பெனி மாயாஜாலப் படத்துக்காகத் திருவனந்தபுரத்தைச் சுற்றி ஷூட்டிங் நடத்திவிட்டுப் போயிருந்தது. படம் இன்னும் வரவில்லை. பத்திரிகையில் போட்டோ வந்ததே போதும், ஜனங்கள் அந்த இடங்களைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள்.

மாமி வாடகைக் கார் பேசினாள்.

"கூட யாரும் வரவேண்டாம். எனக்குத் தெரியாத இடமா?"

சங்குமுகத்தில் தேவகன்னிகைகள் ஆடின மணல், விழிஞ்ஞத்தில் பறக்கும் குதிரை இறங்கின பாறை, எல்லாம் அவளே காட்டினாள். கடைசியாக அந்த ஆற்றங்கரை. முழங்கால் தண்ணீரில் நிற்கும் ராஜகுமாரியை ராட்சசன் பாதாளத்துக்கு இழுத்துக்கொண்டு போகும் இடம்.

"அத்தை, அதே மாதிரி நான் நிக்கறேன். இவர் போட்டோ எடுக்கட்டும்."

சூடாமணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். நீலகண்டன் காமிராவைச் சரிபார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் பின்னாடி போ!"

அவள் காலை எடுத்து வைப்பதற்குள் தாழம்புதரிலிருந்து அந்த உருவம் அலறிக்கொண்டு பாய்ந்தது. சூடாமணி வீலென்று கத்திக் கரைக்கு ஓடிவந்து விழுந்தாள். முழங்கையில் ரத்தம். நீலகண்டன் அவளுக்கு முன்னாலேயே காருக்குள் இருந்தான்.

மாமி ஏட்டிடம் மேலும் சொன்னாள்: "டிரைவர் எல்லாம் சொன்னான். பேரு சிவதாணுவாம். சாலைக் கடைத்தெருவுல மூட்டை தூக்கறவன். ஆள் வாட்டசாட்டமா இருக்கானேன்னு கம்பெனிக்காரா ராட்சச வேஷம் போட்டுவிட்டா. அவா போயாச்சு, இவன் வேஷத்தைக் கழட்டலை. பொம்மனாட்டிகள் பயந்து ஓடறதைப் பாக்கறதுல அவனுக்கு ஒரு சந்தோஷம்!"

ஏட்டு தொப்பியை எடுத்தார். மாமியும் கிளம்பினாள்.

"நீங்க எதுக்கு, மாமி?"

"நான் வராட்டா அவனோட பீடி குடிச்சுட்டுத் திரும்பி வந்துடுவீர்."

ஆற்றங்கரையில் சிவதாணு தென்னை மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். ஏட்டைப் பார்த்ததும் எழுந்தான்.

"அதைக் கழட்டுல!"

அவன் கொம்பைக் கழற்றி மணலில் வைத்தான். கொம்பு போனதும் அவன் தூக்கம் கெட்ட ஒரு சாதாரண ஆளாகிவிட்டான்.

"ஸ்டேஷனுக்கு வாறேன், ஏட்டய்யா. ஆனா எனக்குப் பதிலா இங்க ஒரு ஆளை நிறுத்திட்டுக் கூட்டிட்டுப் போங்க."

"ராட்சசன் உத்தியோகத்துக்கு ஆள் கேக்கியா?"

சிவதாணு மரத்தில் சாய்த்திருந்த தோணிக் கழியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். சூடாமணி நின்ற இடத்தில் நின்றான். அவனுக்கும் முழங்கால் அளவுதான். கழியைத் தனக்குப் பின்னால் ஓர் அடி தள்ளி ஊன்றினான்.

கழி இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. அவன் கை தண்ணீரைத் தொட்ட பிறகும் அடி தட்டவில்லை.

மாமி ஏட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராஜகுமாரி பாதாளத்துக்குப் போகணும்லா? அதுக்காகச் சுத்திப் பலகை அடிச்சுத் தோண்டின குழி, அம்மா. மூடாமலே போயிட்டாவ. வைகாசியில வாற இடவப்பாதி மழையில ஆறு பெருகினா மணல் வந்து தானா மூடிரும். அதுவரைக்கும் பகல்ல இங்க நிக்கேன். ராத்திரி சாலைக் கடைத்தெருவுல மூட்டை தூக்குதேன்."

"இதை வாயைத் திறந்து சொல்லப்படாதோ? சுத்தி நாலு மூங்கிலாவது நடப்படாதோ?" மாமியின் குரல் பாதிதான் வந்தது.

"நட்டேனே! படம் பிடிச்ச இடத்துக்கு அடையாளம் வச்சிருக்குன்னு எல்லாரும் நேரா அங்கயே போய் நின்னாவ. வாயாலயும் சொன்னேன். 'போடா, உனக்கென்ன தெரியும்'னாவ. ஒரு பொண்ணைத் தலைமுடியைப் பிடிச்சுத்தான் வெளிய இழுத்துப் போட்டேன். பிழைச்சிட்டு. அதுக்குப் பொறவுதான் இந்தக் கொம்பை எடுத்து மாட்டினேன்."

கழியை உருவிக்கொண்டு கரையேறினான்.

"மனுசன் சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டேங்காவ, அம்மா. ராட்சசன் சொன்னாத்தான் கேக்காவ."

ஏட்டு என்ன செய்வது என்று தெரியாமல் மாமியைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மேட்டில் ஒரு கார் வந்து நின்றது. கதவுகள் படபடவென்று திறந்தன. "தோ, அந்த இடந்தான்!" என்று கூவிக்கொண்டு நாலைந்து பெண்கள் தண்ணீரை நோக்கி ஓடிவந்தார்கள்.

சாவித்ரி மாமி சட்டென்று குனிந்து கொம்பை எடுத்தாள். ஒட்டியிருந்த மணலைத் தன் புடவைத் தலைப்பால் தட்டிவிட்டு, சிவதாணுவிடம் நீட்டினாள்.

"என்ன பாத்துண்டு நிக்கறேள்? சீக்கிரம் மாட்டிக்கோங்கோ!"