தட்டு நிழல்

உச்சி வெயிலில் மணலைப் பார்க்கவே கண் கூசுகிறது. மாமல்லபுரம் கரையில் மீன் விற்கும் சம்பூர்ணம், ரோட்டோரம் ஸ்கூட்டியை நிறுத்தியிருக்கும் மகள் ஷீலாவைக் கைகாட்டி அழைக்கிறாள். அவள் கண் மட்டும்தான் தெரிகிறது. மீதியெல்லாம் துப்பட்டா, கையுறை. "வெயில்மா, நீயே வாயேன்." சின்ன வயதில் இதே அலையில் ஆடிக்கொண்டிருந்த ஷீலாவை, "கருத்துடுவ, வூட்டுக்குப் போடி" என்று முதுகில் அடித்து விரட்டியவள் சம்பூர்ணம்தான். இப்போது சங்கரா மீனைச் சாக்கில் கொட்டிவிட்டு, காலித் தட்டோடு சுடுமணலில் நடந்துபோய், அதை மகளின் தலைக்கு மேலே பிடிக்கிறாள். "நெழலு கீது. மூஞ்சியக் காட்டுடி, பாத்து எத்தினி நாளாவுது." துப்பட்டா இறங்குகிறது. கன்னத்தைத் தொடக் கை நீளும்போது தட்டு சரிய, ஒரு கீற்று வெயில் உள்ளே விழுகிறது. "மூடிக்கோடி, கருத்துடப் போற!" வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. நீண்ட கை, கன்னத்தைத் தொடாமலே, துப்பட்டாவை இழுத்து மூடுகிறது.